தூரத்துக்கு ரயில், ஆற்றுக்குக் கப்பல்: டான்யூப் வழியே நான்கு நாடுகள்

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்டது இதுதான்: நீங்களும் அம்மாவும் அடுத்த ஆண்டு பதினைந்து நாள் ஐரோப்பா வருகிறீர்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். பஸ்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு நாளைக்கு ஓர் ஊர் காட்டும் சுற்றுலா வேண்டாம். ரயிலிலும் ஆற்றுக் கப்பலிலுமாக நாலைந்து நாடு பார்க்க வேண்டும். எந்த ஆறு? ரயில் பாஸ் வாங்கலாமா? விசாவை எந்த நாட்டிடம் கேட்பது?

நான் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் டான்யூப். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கப்பலில் ஏற்றியும் இறக்கியும் பழகிய கை என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

ஒரே ஓர் ஆறு போதும், அது டான்யூப். தெற்கு ஜெர்மனியில் பாஸாவ் என்ற ஊரில் கப்பல் ஏறி, நீரோட்டத்தோடு புடாபெஸ்ட் வரை போங்கள். ரைன் நதிக்கு ஒரு பகல் கொடுங்கள், அதுவும் சாதாரணப் பயணப் படகில். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்று நான்கு நாடு ஆகிவிடும். ஐந்தாவது ஒன்று கணக்குக்காக வேண்டாம்.

இந்த யோசனைக்கு அடிப்படை ஒன்றுதான். பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் ஆற்று வழியில் சுமார் 580 கிலோமீட்டர். ரயிலில் பாஸாவ் முதல் வியன்னா இரண்டேகால் மணி, வியன்னா முதல் புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி. கப்பலோ அதே தூரத்துக்கு நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஊர் விட்டு ஊர் போவதற்கு என்று கப்பல் ஏறினால் பணமும் பொழுதும் வீண். ஆற்றைப் பார்ப்பதற்கென்றே ஏற வேண்டும். எந்த இடத்தில் ஆறு பார்க்கத்தக்கதோ அங்கே கப்பல், மற்ற தூரத்துக்கெல்லாம் ரயில்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. இறங்கியதும் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்குள் போகாதீர்கள். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து எஸ்-8 புறநகர் ரயிலில் அரை மணியில் மைன்ஸ். ரைன் கரையில் அமைதியான பழைய ஊர், அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த குட்டன்பெர்க் பிறந்த இடம். அங்கே மூன்று இரவு தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாள் காலை ரயிலில் பிங்கன் போய், அங்கிருந்து சாங்க்ட் கோவார் வரை படகில் போங்கள். நீரோட்டத்தோடு போவதால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2002இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ரைன் பள்ளத்தாக்கில் மிக அழகான பகுதி இதுதான். இரு கரையிலும் மலை நெருக்கும், குன்றுக்குக் குன்று கோட்டை. காவுப் என்ற ஊரருகே நட்டாற்றுப் பாறைமேல் ஒரு சிறு கோட்டை நிற்கும். போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வாங்குவதற்காகவே கட்டியது. அதைத் தாண்டினால் 132 மீட்டர் உயர லோரலைப் பாறை. திரும்பும்போது சாங்க்ட் கோவாரில் ரயில் ஏறி, போகிற திசைக்கு இடப்பக்க சன்னலில் உட்காருங்கள். ஆறு முழுக்க உங்கள் பக்கம் வரும். ரைனுக்கு இது போதும். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை ஏழு இரவு ரைன் கப்பல்கள் போகின்றன. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கை விட்டால் வழியில் தொழிற்சாலையும் சமவெளியும்தான் அதிகம்.

அடுத்து டான்யூப் கரையிலுள்ள ரேகன்ஸ்பூர்கில் ஓர் இரவு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்பாலம் இன்னும் நிற்கிறது, அதன்மேல் நடந்து பாருங்கள். பிறகு பாஸாவ்.

பாஸாவில் கப்பல் ஏறுகிற நாளுக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் நெடுந்தூர ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வரும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. 2024இல் நூற்றுக்கு ஏறக்குறைய 62 ரயில்தான் நேரத்துக்கு வந்தது, அதுவும் ஆறு நிமிடம் வரை தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல். பழைய தடங்களை மாதக்கணக்கில் முழுவதுமாக மூடிப் புதுப்பிக்கும் வேலையும் 2024இலிருந்து நடக்கிறது. ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதமானால் கட்டணத்தில் கால்வாசியும், இரண்டு மணிக்குமேல் என்றால் பாதியும் திருப்பித் தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஆனால் போன கப்பல் போனதுதான்.

அந்த ஓர் இரவும் வீணாகாது. பாஸாவ் ஒரு முக்கூடல். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் ஊரின் கிழக்கு முனையில் கூடுகின்றன. முனையில் ஒரு சின்னப் பூங்கா, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கலாம். வலப்பக்கம் ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டி அரைத்த மாவைச் சுமந்துகொண்டு இன் ஆறு பால் கலந்த பச்சையில் வரும். இடப்பக்கம் இல்ஸ், காட்டுச் சதுப்பில் ஊறி வருவதால் தேயிலைச் சாயம்போல் கறுத்திருக்கும். நடுவே டான்யூப். மூன்றும் உடனே கலந்துவிடுவதில்லை. கொஞ்ச தூரம் வரை வரி வரியாகத் தெரியும். கோடைத் தொடக்கத்தில் பெரும்பாலும் இன் ஆற்றில்தான் தண்ணீர் அதிகம். நியாயமாகப் பார்த்தால் இதற்கப்புறம் ஆற்றுக்கு இன் என்றே பெயர் வைத்திருக்கலாம் என்று இங்கே சொல்லிக்கொள்வார்கள்.

பாஸாவில் ஏறச் சொல்வதற்கும் அந்த இன் ஆறுதான் காரணம். 2022 ஆகஸ்டில் நான் நியூரம்பெர்கிலிருந்து புடாபெஸ்ட் போகும் கப்பலுக்குப் பணம் கட்டியிருந்தேன். அந்த வருடம் கடும் வறட்சி. பாஸாவுக்கு மேலே ஸ்ட்ராபிங் முதல் ஃபில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கிலோமீட்டர் அணையே இல்லாத ஆறு. மழை பொய்த்தால் கப்பல் தரைதட்டும் ஆழம்தான் இருக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கடிதம் வந்தது. நியூரம்பெர்கிலிருந்து எங்களை பஸ்ஸில் கொண்டுபோய்ப் பாஸாவில் நின்ற வேறொரு கப்பலில் ஏற்றினார்கள். கட்டணத்தில் ஒரு காசு திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது, படிக்காதது என் பிழை. இன் ஆற்றுத் தண்ணீர் சேர்ந்தபின் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். வறட்சி பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. வெள்ளம் வந்தாலும் கப்பல் நிற்கும், பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. பாஸாவ் 2013 ஜூனில் கண்ட வெள்ளம் 12.89 மீட்டர், ஊர் மதில்களில் குறித்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்வது மே மாதம் முதல் பாதி. வெயிலும் இதம், கூட்டமும் கோடையளவு இருக்காது.

இனிக் கப்பலைப் பற்றி. கடல் கப்பலை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரியது 135 மீட்டர் நீளம், ஆனால் 11.4 மீட்டர்தான் அகலம். 1992இல் திறந்த மைன்-டான்யூப் கால்வாயின் நீர்ப்பூட்டுகள் (கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகள்) 12 மீட்டர் அகலம் என்பதால் அந்த அளவுக்குத் தகுந்தாற்போல் கட்டியிருக்கிறார்கள். அலை கிடையாது, ஆட்டம் கிடையாது, குமட்டல் வராது. முழங்கால்காரர்களுக்கு முக்கியம்: பெட்டியை ஒரு முறை அவிழ்த்தால் ஏழு நாளும் அதே அறை. ஊர்தான் நம்மைத் தேடி வரும்.

அறை எடுக்கும்போது அடித்தளம் வேண்டாம். தண்ணீர் மட்டத்தையொட்டி, திறக்க முடியாத சிறு சன்னல்தான் இருக்கும்; பின்பகுதி என்றால் இயந்திரச் சத்தமும் சேரும். நடுத்தளத்தில், கப்பலின் நடுவாக்கில் கேளுங்கள். மேல்தளத்துக்கு ஏகப்பட்ட பணம் கொடுக்க வேண்டியதில்லை. வியன்னா, புடாபெஸ்ட் மாதிரி ஊர்களில் துறையில் இடம் போதாது. இரண்டு மூன்று கப்பலை ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். உங்கள் சன்னலைத் திறந்தால் அடுத்த கப்பல்காரரின் சன்னல்தான் தெரியும். கரைக்குப் போக அந்தக் கப்பலின் கூடத்தைக் கடந்து போக வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு ஏற்ப இறங்கு பலகையின் சரிவும் மாறும், அம்மா கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கட்டும். லிஃப்ட் உள்ள கப்பலா என்று கேட்டு வாங்குங்கள். மொட்டைமாடித் தளம் வரை லிஃப்ட் போவது அபூர்வம்.

விலை ஏழு இரவுக்கு ஆளுக்கு ஆயிரம் யூரோவைச் சுற்றித் தொடங்கி மூவாயிரத்தையும் தாண்டும். ஜெர்மானியர்களுக்காக நடத்தும் கப்பல்கள் மலிவு, ஆனால் அறிவிப்பெல்லாம் ஜெர்மன். ஆங்கிலக் கப்பல்களில் ஊர் சுற்றிக் காட்டுவதும் சேர்ந்தே வரும். எதுவானாலும் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வாக்காவைப் பகலில் கடக்கிறீர்களா?" பகலில் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு இரவில்தான் கப்பலை ஓட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு அருமையான இடத்தைத் தூக்கத்தில் கடந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாக்காவ் என்பது மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர். தொடக்கத்தில் மெல்க் மடாலயம், பாறை நுனியில் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கும். பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்கே 1089 முதல் இருக்கிறார்கள். அப்புறம் மலைச்சரிவெல்லாம் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வரப்புகளில் திராட்சை, கீழே சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) மரங்கள். வில்லண்டோர்ஃப் என்ற சிறு ஊரில்தான் 1908இல் உள்ளங்கை அளவுள்ள கற்காலப் பெண் சிலை கிடைத்தது; இப்போது வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்து அரசர் ரிச்சர்டை 1192இல் சிறைவைத்த டுர்ன்ஸ்டைன் கோட்டை இடிபாடும் இங்கேதான். மெல்க்கைத் தாண்டினால் கிரெம்ஸ் வரை பாலமே இல்லை. ஸ்பிட்ஸ் ஊரில் ஒரு பரிசல் மாதிரி படகு போகிறது, இயந்திரம் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு, நீரோட்டத்தின் தள்ளுதலிலேயே அக்கரை சேர்ந்துவிடும், காரையும் ஏற்றிக்கொண்டு. கப்பலில் போகும்போது அதைத் தவறவிடாதீர்கள்.

கரையில் கிலோமீட்டர் பலகைகள் வரும். ஊற்றிலிருந்து எண்ணாமல், டான்யூபைக் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாஸாவ் 2226, வியன்னா 1929, புடாபெஸ்ட் 1647. எண் குறைய குறையக் கடல் நெருங்குகிறது என்று பொருள்.

நீர்ப்பூட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஆற்றின் குறுக்கே மின்சார அணைகள். பாஸாவிலிருந்து வியன்னா நகரத்தைத் தாண்டும்வரை பத்து. ஒவ்வொன்றிலும் கப்பலைப் பெரிய தொட்டிக்குள் விட்டு, பின்கதவை அடைத்து, தண்ணீரை வடிப்பார்கள். கப்பல் தண்ணீரோடு கீழே இறங்கும். என் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது முதல் நாளே யோகன்ஸ்டைன் அணையில் இதைப் பார்த்தார். சன்னல் ஓரம் நின்றிருந்தார். ஓரடி தள்ளி கான்கிரீட் சுவர். மெல்ல மெல்ல அந்தச் சுவர் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. பாசி வழிய, தண்ணீர் சொட்டச் சொட்ட. அறை இருட்டிக்கொண்டு வந்தது. சன்னல் வழியே கையை நீட்டி ஈரச் சுவரைத் தொட்டுவிட்டு, "கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இருக்குப்பா" என்றார். பத்து மீட்டர் இறங்கியபின் முன்கதவு திறந்து வெளிச்சம் வந்தது. அதன்பிறகு எந்த நீர்ப்பூட்டு வந்தாலும், ராத்திரியானாலும் எழுப்பச் சொன்னார்.

சாப்பாடு. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை வரும், காய்கறி சூப் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கும். மீன், முட்டை, எலும்புச்சாறு மூன்றும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்து, ஏறிய அன்று சமையல் தலைவரிடம் நேரில் ஒரு முறை சொல்லுங்கள். அறையில் சமைக்க விடமாட்டார்கள். சுடுதண்ணீர் கேட்டால் தருவார்கள், பருப்புப் பொடியும் ஊறுகாயும் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும், தயிரும் பழமும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஏழு இரவுக் கப்பல் கைக்கு எட்டவில்லை என்றால் வருந்த வேண்டாம். அப்படியே ரயிலில் மெல்க் வந்து, அங்கிருந்து கிரெம்ஸுக்குப் பகல் படகில் போங்கள். இரண்டு மணிக்குள் வாக்காவ் முழுவதும் பார்த்துவிடலாம். வியன்னாவில் நான்கு நாள் தங்கி, ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு விரைவுப் படகு: கீழ்நோக்கி 75 நிமிடம், ஊர் நடுவிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ரயிலில் புடாபெஸ்ட். கப்பல் பயணத்தின் சாரத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும், செலவு எத்தனையோ மடங்கு குறைவு. பெட்டியை அடிக்கடி தூக்க வேண்டியிருக்கும் என்பதுதான் ஒரே குறை.

ரயில் பாஸ் உங்களுக்கு வேண்டாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு உரியது யூரெய்ல் பாஸ், 33 நாடுகளில் செல்லும், அறுபது வயதானவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. ஆனால் நான் சொல்லும் வழியில் நீண்ட ரயில் பயணம் மூன்று நான்குதான். பாஸ் ஏழெட்டு நெடுந்தூரப் பயணம் போகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். பிரான்ஸின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே கட்டாயம் பணம் கட்ட வேண்டும். சில மாதம் முன்பே எடுத்தால் ஜெர்மன், ஆஸ்திரிய ரயில்களில் தனி டிக்கெட்டே மலிவு. அந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். அதனால் விமானம் இறங்கும் நாளுக்கு அப்படி எடுக்காதீர்கள். டிக்கெட்டோடு இருக்கை தானாக வராது. சில யூரோ சேர்த்துக் கட்டி இருக்கையைப் பதிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நின்றுகொண்டு போக நேரும்.

நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று அறிவிப்புத் திரையில் போடுவார்கள். முன்கூட்டியே அங்கே போய் நில்லுங்கள். சின்ன நிலையங்களில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். போர்ட்டர் கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி, தனியாகத் தூக்கிப் படியேற்றக்கூடிய எடையில். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும், பெட்டி எண்ணைப் பார்த்தே ஏறுங்கள். பெர்லினிலிருந்து கொலோன் பக்கம் வரும் ரயில்கள் ஹாம் நிலையத்தில் இப்படிப் பிரிவது பிரசித்தம். 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருப்பதும் அதே ஹாம் நகரில்தான். ஈழத்தமிழர் கட்டியெழுப்பிய கோயில், கோபுரத்தோடும் தேரோடும். உங்கள் வழியில் இல்லை, ஆனாலும் இன்னொரு முறை வந்தால் போய்ப் பாருங்கள்.

விசாவுக்கு வருவோம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை, எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பல் எந்த இரவு எந்த நாட்டில் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கிக் கணக்கிடுங்கள். இந்தத் திட்டத்தில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் நெருங்கி வரும். மைன்ஸிலோ ரேகன்ஸ்பூர்கிலோ ஓர் இரவு கூட்டினால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். செர்பியாவின் பெல்கிரேடு, அதற்கும் கீழே இரும்பு வாயில் என்ற மலையிடுக்கு வரை போகும் நீண்ட பயணத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: செர்பியா ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழையும் விசாவோடு அங்கே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. பலமுறை நுழையும் விசா கையில் இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு.

புடாபெஸ்டில் யூரோ இல்லை, ஃபோரிண்ட். கார்டே பெரும்பாலும் போதும். கப்பல் புடாபெஸ்டுக்குள் நுழைவது இரவிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 268 மீட்டர் நீள நாடாளுமன்றம் முழுவதும் விளக்கேற்றி, கீழே தண்ணீரில் இன்னொரு நாடாளுமன்றம் நிற்கும். பகலில் வந்து சேரும் கப்பலானாலும் கவலையில்லை. இறங்கியபின் இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். இருட்டியதும் கிழக்கே உள்ள பெஸ்ட் கரையில் இரண்டாம் எண் டிராமில் ஏறி, ஆற்றுப் பக்கச் சன்னலில் அம்மாவை உட்காரவைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்புங்கள். நடக்கவே வேண்டாம். ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் புடாபெஸ்டிலிருந்தே போடுங்கள், ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. தேதி முடிவானதும் எழுதுங்கள் ஐயா, உங்கள் கப்பல் லின்ஸில் நின்றால் துறைக்கு வந்து பார்க்கிறேன். தயிர்சாதம் கொண்டு வருகிறேன்.